தேர்தல் முடியும்வரை மரம் காத்திருக்காது

போன வாரம், மரம் வாங்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் நாகர்கோவிலில் இருக்கும் எனக்கு ஃபோன் செய்தார். கனடாவில் தேர்தல் அறிவித்துவிட்டார்கள், அமெரிக்காவோடு வரித் தகராறும் முற்றியிருக்கிறது, அங்கிருந்து எடுக்கவேண்டிய மரத்துக்கு இப்போதே ஆர்டர் கொடுக்கலாமா, முடிவு வரும்வரை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டார். கடைசியில், "மேடம், யார் ஜெயிப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" என்றார்.

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் அதை வச்சு நான் ஆர்டர் போடமாட்டேன்" என்றேன்.

அவருக்கு ஏமாற்றம் என்பது குரலிலேயே தெரிந்தது. ஷார்ஜாவில் ஒரு மர வியாபார நிறுவனத்தில் பதினெட்டு வருடம் பர்ச்சேஸ் பார்த்தவள், ஓய்வு பெற்றதும் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறாள் என்று நினைத்திருப்பார். அப்படியில்லை. அதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். விடை கண்டுபிடித்துவிட்டேன் என்று நம்பியும் இருக்கிறேன். அதனால் என்ன ஆயிற்று என்பதை ஃபோனில் சொல்லி முடிக்க முடியாது. எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

2004இல் துபாயிலும் ஷார்ஜாவிலும் பார்க்கும் இடமெல்லாம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கான்கிரீட் ஊற்ற ஷட்டரிங் அடிப்பதற்கு மரம் வேண்டும். நாங்கள் அதைக் கனடாவின் மேற்குக் கோடியில், காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் இருந்த மில்லிலிருந்து எடுத்தோம். அந்த ஊருக்கு அந்த மில்தான் எல்லாம். அதற்கு முன்பு அவர்கள் மரம் முழுக்க அமெரிக்காவுக்குத்தான் போயிற்று. கனடா மரத்தின்மேல் அமெரிக்கா வரி போட்டதும் ஊரே ஆடிப்போனது. பிழைக்க வழி தேடி ஜப்பானுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பத் தொடங்கினார்கள். அப்படித்தான் எங்களிடம் வந்தார்கள்.

அந்த மில்லுக்காக வான்கூவரில் இருந்து ஏற்றுமதி பார்த்தவர் ரகு. முதல் மூன்று மாதம் நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். ஒருநாள் காலை, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே, பக்கத்து மேசைக்காரரிடம் "அந்த ஃபைலை எங்கெடே கொண்டு வச்ச?" என்று சத்தம் போட்டேன். மறுமுனையில் சிரிப்பு. "அக்கா, நீங்கள் தமிழோ? முதல்லயே சொல்லியிருக்கலாமே!" யாழ்ப்பாணத்துக்காரர். அன்று முதல் தமிழ்தான். எங்களுக்கும் வான்கூவருக்கும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் என்பதால், எனக்குக் காலை ஏழு மணி டியூட்டி தொடங்கும்போது அவருக்கு மாலை ஏழு. அவர் ஆபீஸ் பூட்டுவதற்கு முன் எனக்கு ஒரு ஃபோன் வரும்.

அந்த வருடம் மே மாதத்தில் கனடாவில் தேர்தல் அறிவித்தார்கள். நான் உற்சாகமாகிவிட்டேன். இணையத்தில் கனடா பத்திரிகைகளை ஒன்று விடாமல் படித்தேன். எந்தக் கட்சி வந்தால் அமெரிக்காவோடு சமாதானம், எந்தக் கட்சி வந்தால் சண்டை தொடரும், எதில் மரம் விலை ஏறும், எதில் இறங்கும் என்று பெரிய கட்டம் போட்டு வண்ணமெல்லாம் தீட்டினேன். எங்கள் மேனேஜரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

மேனேஜர் கீழக்கரைக்காரர். அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல், ஆபீஸில் எல்லோருக்கும் அவர் 'காக்கா'தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கட்டத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கே. அப்ப என்ன செய்யணுங்கிறே?"

"தேர்தல் முடிவு வரட்டும் காக்கா. ஒரு மாசம் பொறுத்தா விலை இறங்கும்."

பொறுத்தோம். ஜூன் கடைசியில் முடிவு வந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இருந்த கட்சியே ஊன்றுகோல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. வரித் தகராறு இருந்த இடத்திலேயே இருந்தது. விலையும் அசையவில்லை. என் கட்டத்தில் அப்படி ஒரு பத்தியே கிடையாது.

சரி, ஒரு மாதம்தானே போயிற்று என்று ஆர்டர் அனுப்பினேன். அந்த ஒரு மாதம் எங்கே போய் நின்றது என்று ஆகஸ்டில் தெரிந்தது. வான்கூவரிலிருந்து துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்துக்குக் கப்பல் வந்து சேர நாற்பது நாளுக்கு மேல் ஆகும். மரம் அடுக்கி வைக்கும் எங்கள் யார்டில், அதிகம் போகும் நான்கங்குல மரச்சட்டம் சுத்தமாகத் தீர்ந்துபோனது. ஒரு சைட்டின் ஃபோர்மேன், ராஜஸ்தான்காரர், காலையிலேயே வந்து வெறும் தரையைப் பார்த்துவிட்டு, மரமே இல்லையா என்று அரபியும் இந்தியும் கலந்து என்னிடம் கேட்டார்: "மேடம், லக்டி மாஃபி?" கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் நம்ப முடியாமல் கேட்டார்.

அப்போது நான் ஷார்ஜாவின் முவைலா பகுதியில் குடியிருந்தேன். அந்த சைட்டின் தச்சர்கள் தங்கியிருந்த கேம்ப் எங்கள் தெருவைத் தாண்டித்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு வேலையாக வீட்டுக்குப் போகும்போது பார்த்தேன். கேம்ப் முழுக்கக் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பார்க்கும் காட்சி. அன்று செவ்வாய்க்கிழமை. முப்பது பேர் வேலையில்லாமல் வாசல் நிழலில் குந்தியிருந்தார்கள். வேலை இல்லாத நாளுக்கு அவர்களுக்குச் சம்பளம் இல்லை. மரம் வந்து சேர்கிறவரை பதினொரு நாள் அப்படியே இருந்தார்கள்.

கனடாத் தலைநகர் ஒட்டாவாவில் என்ன நடக்கும் என்று ஒரு மாதம் முழுக்க யோசித்தவள், நான் காத்திருக்கும்போது என் யார்டில் என்ன நடக்கும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. காக்கா என்னைத் திட்டவில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் மடித்து என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். நான் அதைக் கிழித்துப்போட்டேன்.

அடுத்த வருடம், 2005 நவம்பர் கடைசியில், ஒரு காலை ரகு வழக்கத்தைவிட முன்னதாகவே கூப்பிட்டார்.

"அக்கா, இஞ்ச அரசாங்கம் கவிண்டு போச்சு. ஜனவரி கடைசியில எலெக்ஷன். பனிக்குள்ள எலெக்ஷன் வைக்கினம், சனம் எல்லாம் பேசுது."

செய்தி அன்று மதியத்துக்குள் எங்கள் சந்து முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் வரிசையில் ஏழெட்டு மரக் கம்பெனிகள். எல்லோரும் கனடா ஆர்டரை நிறுத்தினார்கள். இந்த முறை ஆட்சி மாறும், மாறினால் அமெரிக்காவோடு ஏதாவது நடக்கும் என்பதுதான் எல்லோருடைய பேச்சும். என்ன நடக்கும் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

காக்கா என்னைக் கூப்பிட்டார். "பக்கத்துல எல்லாரும் நிப்பாட்டிட்டாஹ. நாமளும் ஜனவரி வரைக்கும் பொறுப்போம். என்ன சொல்றே?"

"ரெண்டு நாள் தாங்க காக்கா. ஒண்ணு கேட்டுட்டுச் சொல்லுதேன்."

ரகுவிடம் நான் கேட்டது இதுதான்: "தேர்தலை விடுங்க. அடுத்த ஏப்ரல், மே மாசத்துல எங்களுக்கு வரவேண்டிய மரத்துக்கு, மில்லுக்காரங்க எப்பம் முடிவெடுக்கணும்?"

"அது எனக்குச் சரியாத் தெரியாது அக்கா. மில்லில கேட்டுச் சொல்லுறன்."

இரண்டு நாள் கழித்துச் சொன்னார். அவருக்கே அது புதிய செய்தி. "அக்கா, நிலம் உறைஞ்சு கிடக்கேக்கதான் லொறி காட்டுக்குள்ள போய் வெட்டின தடி ஏத்தலாம். மார்ச்சில பனி இளகினா எல்லாம் சேறு. பிறகு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடி வெளியில வராது. அதால ஜனவரி நடுவுக்குள்ள எவ்வளவு தடி, என்ன சைஸுக்கு எண்டு அவை முடிவெடுத்தே ஆகோணும். எலெக்ஷன் எப்ப வந்தாலும் அதுதான் கணக்கு."

இன்னொன்றும் சொன்னார். வரி வந்த பிறகு அந்த மில்லில் பாதி இயந்திரங்கள் நின்றுவிட்டன. மீதியில் மரம் அறுக்கும் ஒரு லைனை முழுக்கவும் வெளிநாட்டு அளவுகளுக்காக மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காக்காரர்களின் அளவு வேறு, எங்கள் அளவு வேறு. அந்த லைனில் நாற்பது பேர். புதிதாக வேலை பழகிக்கொண்டவர்கள். ஜனவரியில் ஆர்டர் இல்லையென்றால் அந்த லைனை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய லைனைத் தேர்தல் முடிந்த மறுநாள் திருப்பி ஓட்ட முடியாது.

எனக்கு அது போதும். அரசியல்வாதிகள் தேர்தலை எந்த மாதத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பனி உருகுவதைத் தள்ளிவைக்க அவர்களால் முடியாது.

காக்காவிடம் போனேன். அவர் முழுதாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"சரி, இப்ப கையெழுத்துப் போடுறோம். ஏப்ரல்ல ரெண்டு நாடும் சமாதானமாயிட்டா? நம்மளக் கைகழுவிட்டு அமெரிக்காவுக்கே அனுப்பிருவாஹ. சமாதானம் ஆகலைன்னா? அங்க போகாத மரமெல்லாம் இங்க வந்து குவிஞ்சு விலை தரைக்கு இறங்கும், நாம மட்டும் பழைய விலைக்கு எடுத்துக்கிட்டு நிப்போம். ரெண்டுலயும் நமக்குத்தானே அடி?"

"ரெண்டுல எது நடக்கும்னு எனக்குத் தெரியாது காக்கா. ஏப்ரல்ல மூணு சைட்டுக்கு மரம் வேணும். அது தெரியும். இப்பம் வெட்டினாதான் அப்பம் இருக்கும். அதுவும் தெரியும்."

"2004ல நீ என்ன சொன்னே?"

அது நெஞ்சில் போய்க் குத்தியது. எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், இருந்தாலும் குத்தியது.

"தப்பாச் சொன்னேன். அதனாலதான் இந்த வாட்டி வேற கேள்வி கேட்டுட்டு வந்திருக்கேன்."

காக்கா ஃபோனைத் தன் பக்கம் இழுத்தார். "மில்லுக்காரர்ட்ட நானே பேசணும். ஏஜென்ட் வேண்டாம், அவரு குரலைக் கேக்கணும்" என்றார்.

ரகு ஏற்பாடு செய்தார். ஒரு புதன்கிழமை காலை ஏழு மணி. காக்காவின் அறையில் ஸ்பீக்கர் ஃபோன். மில்லின் மேலாளர் மரம் அறுக்கும் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர்; குரல் அறையை நிறைத்தது. வணக்கம் சொன்ன கையோடு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ரஷ்யாவிலிருந்து மலிவாக மரம் துபாயில் வந்து இறங்கினால், எங்களை விட்டுவிட்டுப் போவீர்களா?

காக்கா என்னைப் பார்த்தார். இல்லை என்று அடித்துச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். வியாபாரத்தில் எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள். காக்கா தன் ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்: போகலாமா என்று எனக்குத் தோன்றும். தோன்றாது என்று சொன்னால் பொய். ஆனால் கையெழுத்துப் போட்டிருந்தால் போகமாட்டேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள், அமெரிக்கா கதவைத் திறந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பு. எனக்கும் போகலாமா என்று தோன்றும், என்றார் அவர். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இந்த மில்லில் வேலை பார்க்கிறார்கள், தோன்றாமல் இருக்குமா? ஆனால் இந்த ஒரு லைனை நான் திரும்ப அமெரிக்கா அளவுக்கு மாற்றமாட்டேன். ஒரே வாசலை நம்பியிருந்து பட்டது போதும்.

அரை மணி நேரத்தில் பேச்சு முடிந்தது. ஆறு மாதத்துக்கு அந்த லைனில் அறுக்கும் மரத்தில் பாதி எங்களுக்கு. விலை நிலையானது. ஏறினாலும் இறங்கினாலும் இரு பக்கமும் மாற்றுவதில்லை. கனடாவில் யார் ஆட்சிக்கு வந்தாலும், அமெரிக்காவோடு என்ன ஒப்பந்தம் ஆனாலும் இது நிற்கும் என்று ஒரு வரியைத் தனியாக எழுதச் சொன்னேன். அந்த வரியை எழுதும்போது ரகு, "அக்கா, இப்பிடி ஒரு வரி நான் இதுவரைக்கும் எழுதினதே இல்லை" என்றார்.

கையெழுத்து ஆன பிறகு எனக்குப் பயமே இல்லையென்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. சந்தில் எல்லோரும் நின்றுகொண்டிருக்க நான் ஒருத்தி மட்டும் நடக்கிறேன். பக்கத்து கம்பெனிக்காரர் டீ குடிக்கும்போது, "ரெஜினா மேடத்துக்குக் கனடா பிரதமரே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டாரு போல" என்று கிண்டல் செய்தார். சிரித்தேன். ஆனால் அன்று மதியம் ஒப்பந்தத்தை எடுத்து அந்தத் தனி வரியை மறுபடி படித்தேன்.

தேர்தல் முடிந்தது. ஆட்சி மாறியது, புதியவர்களுக்கும் பெரும்பான்மை இல்லை. சந்துக்காரர்கள் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மார்ச் வந்தது, பனி இளகியது. ஏப்ரலில் இரண்டு அரசாங்கங்களும் மரத் தகராறில் ஒரு சமரசத்துக்கு வந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. அவ்வளவுதான். கனடா மில்களெல்லாம் அமெரிக்காவின் பக்கம் திரும்பின. எங்கள் சந்தில் இருந்தவர்கள் அனுப்பிய விலை விசாரிப்புகளுக்குப் பதில்கூட வரவில்லை.

எங்கள் மரம் வந்தது. முதல் கப்பல் சொன்ன வாரத்தில் ஜெபல் அலியில் இறங்கியது. அந்த ராஜஸ்தான் ஃபோர்மேன் வந்து அடுக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அச்சா மேடம்" என்று மட்டும் சொன்னார். பழைய அமெரிக்க வாடிக்கையாளர் மில்லுக்கு மூன்று முறை ஃபோன் செய்ததையும், மேலாளர் மற்ற இயந்திரங்களை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டு எங்கள் லைனைத் தொடவில்லை என்பதையும் ரகு சொன்னார்.

இத்தோடு நிறுத்தினால் நான் கெட்டிக்காரி என்ற கதையாகிவிடும். ஆகவே அடுத்ததையும் சொல்லவேண்டும். ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு மாதம் அமெரிக்காவில் வீடு கட்டுவது குறையத் தொடங்கியது. மரம் விலை இறங்கியது. ரஷ்ய மரம் எங்கள் வாசலிலேயே எங்களைவிட மலிவாகக் கிடைத்தது. ஒருநாள் காக்கா என் மேசை அருகே வந்து நின்றார். சும்மா வந்து நிற்கிற ஆளில்லை அவர்.

"ஏம்மா, கடைசி ரெண்டு லோடு... ஏதாச்சும் வழி இருக்கா?"

"இருக்கு காக்கா. தரம் சரியில்லன்னு ஒரு லெட்டர் போட்டா போதும். ஆனா மரம் நல்ல மரம். அது அவங்களுக்கும் தெரியும்."

அவர் தரையைப் பார்த்தார். "போகமாட்டேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"சரி. எடு." திரும்பி நடந்துவிட்டார். கடைசி இரண்டு லோடும் பழைய விலைக்கே வந்து இறங்கின. அந்த மில்லோடு வருடா வருடம் அதே மாதிரி ஒப்பந்தம் தொடர்ந்தது.

பிறகு 2008 வந்தது. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். உலகம் முழுக்க வங்கிகள் ஆட்டம் கண்டன. துபாயில் ஒரு காலை பார்த்தால், ஆடிக்கொண்டிருந்த கிரேன்களில் பாதி அசையாமல் நின்றன. எங்கள் மூன்று பெரிய சைட்டுகளும் இரண்டு வாரத்துக்குள் ஹலாஸ், முடிந்தது கதை. அந்தக் குளிர்காலத்துக்கு நாங்கள் மில்லுக்குச் சொல்லியிருந்தது, அதுவரை எடுத்ததிலேயே பெரிய அளவு.

காக்கா கலங்கிப்போய் இருந்தார். "டிசம்பர் வரைக்கும் மில்லுக்காரர்ட்ட ஒண்ணும் சொல்லவேண்டாம். ஒருவேளை சைட்டு திரும்ப ஆரம்பிச்சா? இப்ப சொல்லிட்டா, அந்த லைன் வேற யாருக்கோ போயிரும்."

"ஆரம்பிக்காதுன்னு உங்களுக்கும் தெரியும் காக்கா. நாம அளவு முன்னமே சொல்லியாச்சு, டிசம்பர்ல வேண்டாம்னா அவங்க தடி வாங்கி முடிச்சிருப்பாங்க. நாப்பது பேர் அறுத்து அடுக்கினதுக்கப்புறம் வேண்டாம்னு சொல்லணும். இப்பமே சொல்லிருவோம்."

அவர் ஃபோனை என் பக்கம் தள்ளினார்.

காலை ஏழு மணி. ரகு எடுத்ததுமே உற்சாகமாகத் தொடங்கினார். கனடாவில் அப்போதுதான் இன்னொரு தேர்தல் முடிந்திருந்தது. "அக்கா, எலெக்ஷன் முடிஞ்சுது. திரும்பவும் ஒருத்தருக்கும் பெரும்பான்மை இல்லை, பாத்தனீங்களோ?"

"ரகு, நான் வேற விசயம் சொல்லணும்."

சொன்னேன். மூன்று சைட்டும் நின்றுவிட்டதை, எப்போது தொடங்கும் என்று தெரியாததை, சொன்ன அளவில் கால் பங்குகூட எங்களால் எடுக்க முடியாது என்பதை. ஒப்பந்தப்படி எங்கள்மேல்தான் தப்பு என்பதையும் நானே சொன்னேன்.

"அக்கா," என்றார் ரகு, "மரம் இன்னும் காட்டிலதான் நிக்குது. வெட்டத் தொடங்கேல்லை. நான் அவரிட்ட இப்பவே கதைக்கிறன்."

ஒரு வாரம் எந்தச் சேதியும் இல்லை. அந்த வாரம் காக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை. பிறகு மில் மேலாளரிடமிருந்தே மின்னஞ்சல் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் குறைவாக வெட்டுவதாகவும், லைனில் இருந்தவர்களில் பாதிப்பேரை ஜப்பான் ஆர்டருக்கு மாற்றியிருப்பதாகவும், மீதிப்பேருக்கு வசந்தம்வரை வேலை இல்லை என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு முவைலாவின் கேம்ப் வாசல்தான் கண்ணில் வந்தது. இந்த முறை அந்த ஊரிலும் சில வீடுகளில் அப்படி உட்கார்ந்திருப்பார்கள். நானும் அதற்கு ஒரு காரணம். சொல்லாமல் இருந்திருந்தால் எல்லா வீட்டிலும் உட்கார்ந்திருப்பார்கள். இந்த வேலையில் சில நாள் அந்த அளவுக்குத்தான் நல்லது செய்ய முடியும்.

மின்னஞ்சலின் கடைசியில் மேலாளர் எழுதியிருந்தார்: உங்கள் கட்டடங்கள் திரும்ப எழும்பும்போது சொல்லுங்கள். லைனைக் கழற்றவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. எங்களுக்கு முதல் சைட் திரும்பத் தொடங்கிய அன்று காலை, காக்கா என் மேசைக்கு வந்து மில் மேலாளருக்கு என்ன எழுதலாம் என்று கேட்டார். நான் ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். ஒரே வார்த்தை: எழும்புகின்றன.